இரண்டாவது அடி

அந்தத் தாளை மடித்துப் பையில் வையுங்கள், ஏட்டையா. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன், இதில் உட்காருங்கள். கழுவியதுதான். தேநீர் போட்டுத் தர ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன என் மனைவி அங்கம்மாள் இன்னும் ஆஸ்பத்திரியில் தன் தம்பியின் கட்டிலோரம்தான் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குப் புதன்கிழமை. மூன்று நாளாக நான் ரொட்டியும் வாழைப்பழமும் தின்கிறேன். இதைப் புகாராகச் சொல்லவில்லை. சிறையில் இதைவிட மோசமாகத் தின்றிருக்கிறேன்.

நீங்கள் எழுதி வந்ததை இன்னொரு தடவை படியுங்கள். 'மேற்படி மாதையன், வயது ஐம்பத்திரண்டு, தன் அக்காள் வீட்டில் வேனின் இன்ஜின் விசிறியைக் கழற்றியபோது ஸ்பேனர் தானாக வழுக்கி வலது கையில் காயம் ஏற்பட்டது. இதில் யார் மீதும் சந்தேகம் இல்லை.' தானாக வழுக்கி! ஏட்டையா, நான் இருபத்தாறு வருடம் ஆலையில் இரும்போடு புழங்கியவன். இரும்பு தானாக எதையும் செய்யாது. ஒருவன் செய்தால்தான் செய்யும்.

அது என் மச்சினன் கொடுத்த வாக்குமூலம். அதற்குக் கீழே சாட்சி என்று என் பெயர். பச்சியண்ணன், தகப்பனார் பெயர் குப்பண்ணன். மேனாள் பொதுச் செயலாளர் என்று போடவில்லை. போகட்டும்.

நான் பேசுவது மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறீர்கள். அங்கம்மாளும் அப்படித்தான் சொல்வாள். "சோத்துல உப்பு இல்லைன்னு சொல்றதுக்கும் இந்த மனுசனுக்கு மைக் வேணும்" என்பாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்தேன். படித்தபடி பேசுகிறேன். அச்சில் ஏறிய சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு என்று நம்புகிறவன் நான். அதனால்தான் உங்கள் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறேன். அதில் இருப்பது பொய்.

உண்மையைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை எடுங்கள்.

அதோ நிற்கிறதே வேன், அது எங்கள் சங்கத்தின் வண்டி. நானூற்றுப் பத்துத் தொழிலாளர்கள் சேர்ந்து வாங்கியது. கூரை மேல் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன. அவற்றைக் கட்டிய துளைகள் இன்னும் இருக்கின்றன, மழை பெய்தால் உள்ளே சொட்டும். வேலைநிறுத்தம் முடிந்தபோது சங்கத்தில் மிஞ்சியது இரண்டு பேர். நான், பொருளாளர் தோழர் அர்த்தனாரி. மற்றவர்கள் எல்லாரும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆலைக்குள் போய்விட்டார்கள். நாங்கள் எழுதவில்லை. அதற்குப் பிறகு வண்டி சும்மா நிற்கக்கூடாது என்று அங்கம்மாள் அதில் மீன் ஏற்றிப் போகிறாள். நான் சிறையில் இருந்த நாற்பத்தோரு நாளில் அவளாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். விடியும் முன் அணையிலிருந்து ஜலகண்டாபுரம் சந்தைக்கு. இருபத்திரண்டு வருடமாக. நான் ஆட்சேபிக்கவில்லை.

போன மாதம் முதல் வண்டி சூடாகிறது. மேடு ஏறும்போது ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்குகிறது. காரணம் ஃபேன் கிளட்ச். உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். இன்ஜினுக்கு முன்னால் ஒரு விசிறி உண்டு. அது எந்நேரமும் முழு வேகத்தில் சுற்ற வேண்டியதில்லை. இன்ஜின் சூடேறினால் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆறினால் விட்டுவிட வேண்டும். அந்த வேலையைச் செய்வது விசிறியின் நடுவில் இருக்கிற உருண்டைப் பெட்டி. உள்ளே பிசுபிசுப்பான எண்ணெய் இருக்கும். எங்கள் வண்டியில் அது பிடிப்பதை நிறுத்திவிட்டது. கொதிக்கிற இன்ஜினில்கூட விசிறி காற்றாடி மாதிரி சும்மா ஓடுகிறது. அதைக் கழற்றிப் புதியது மாட்ட வேண்டும்.

அங்கம்மாள் சொன்னாள், "குஞ்சாண்டியூர்ல என்ற தம்பி கடையிருக்குது. ஒரு மணி நேரத்துல மாத்திருவான்."

முடியாது என்றேன். அது நடக்காத காரியம் என்பது அவளுக்கும் தெரியும்.

ஏனென்றால் மாதையன் கருங்காலி. தொண்ணூற்று நான்கு நாள் வேலைநிறுத்தத்தில் அறுபத்தோராம் நாள் உள்ளே போனவன். என் மனைவியின் உடன்பிறந்த தம்பி, நானே சிபாரிசு செய்து ஆலையில் சேர்த்துவிட்டவன், கம்பி வலை அடித்த கம்பெனி பஸ்ஸில் ஏறி, குனிந்து, சீட்டுக்கடியில் தலையை மறைத்துக்கொண்டு போனான். அவன் பெண்டாட்டி நிறைமாதம், வேலைக்குப் போகாவிட்டால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கார்டு செல்லாது என்பது அவன் சொன்ன காரணம். காரணம் இல்லாத கருங்காலியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானூற்றுப் பத்துப் பேர் வீட்டிலும் வயிறு இருந்தது.

அன்றைக்கு ஆலைக் கேட்டில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். பஸ் முன்னால் நாங்கள் படுத்தோம். லத்தி விழுந்தது. தோழர் அர்த்தனாரிக்கு மண்டை பிளந்து, ரத்தம் கண்ணை மறைத்து, யாரை அடிக்கிறோம் என்று தெரியாமல் எங்கள் ஆளையே இரண்டு பேரை அடித்தார். ஜன்னல் கம்பியைப் பிய்த்தோம். நான் மாதையனை சட்டைக் காலரைப் பிடித்து ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தேன். என் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. தாடையில் அடித்தேன். ஓர் ஓடு உடைகிற சத்தம். அவன் வாயைத் திறந்தான், வார்த்தை வரவில்லை, பல்லும் ரத்தமும் வந்தன. ஆறு வாரம் தாடையைக் கம்பியால் கட்டி, கஞ்சியைக் குழலில் உறிஞ்சினான். இதற்காக நான் வருந்தவில்லை என்று அன்றைக்கே துண்டுப் பிரசுரம் போட்டேன்.

கொலை முயற்சி வழக்கு. நாற்பத்தோரு நாள் உள்ளே. பிறகு வழக்கு நிற்காமல் விழுந்துவிட்டது. சாட்சிகள் யாரும் என்னை அடையாளம் காட்டவில்லை. தொழிலாளி வர்க்கத்தின் ஒற்றுமைக்கு முன் போலீஸ் தோற்றது என்று எட்டுப் பக்கப் பிரசுரம் எழுதினேன். 'பொய் வழக்கு பொடிப்பொடியானது' என்று தலைப்பு. உங்கள் துறையைக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு மே தினத்திலும் அதை வாசிப்பேன். கேட்பவர் இப்போது தோழர் அர்த்தனாரி ஒருவர்தான், அவருக்கு மனப்பாடம்.

கருங்காலிகளோடு கொடுக்கல் வாங்கல் இல்லை, பேச்சு இல்லை, வாசல் மிதிக்க அனுமதி இல்லை என்று சங்கம் தீர்மானம் போட்டது. அது இன்றைக்கும் அமலில் இருக்கிறது. ரத்து செய்ய மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இரண்டு பேரில் மூன்றில் இரண்டு பங்கு எப்படி வரும்? அதனால் நிற்கிறது.

ஆக, வீட்டிலேயே கழற்றுவது என்று முடிவு செய்தேன். உதிரிபாகக் கடையில் ஒரு செய்முறைத் தாள் கேட்டு வாங்கினேன். நகல் எடுத்தது, படம் போட்டது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டை எடுக்க வேண்டும். விசிறிக்குப் பின்னால் ஒரு பெரிய நட்டு, முப்பத்தாறாம் நம்பர். அதில் ஸ்பேனரை மாட்டி, பெல்ட் ஓடும் புல்லி சுற்றாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்பேனரின் முனையில் சுத்தியலால் அடிக்க வேண்டும். கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக அடித்தால் கழலும். எல்லாம் தெளிவாக அச்சில் இருந்தது. அந்தத் தாள் வேறு மாடல் வண்டிக்கு உரியது என்று இப்போது சொல்கிறார்கள். மேலே சின்ன எழுத்தில் இருந்ததாம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். புல்லியைப் பிடிப்பதற்கு ஓர் இரும்புப் பட்டையில் இரண்டு துளை போட்டு நானே கருவி செய்திருந்தேன். தோழர் அர்த்தனாரி பிடித்தார். நான் அடித்தேன். ஏழிலிருந்து எட்டு வரை அடித்தேன். நட்டு அசையவில்லை.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. மாதையன். அங்கம்மாள் போன் செய்து வரவழைத்திருக்கிறாள். உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் அக்காளிடம் பேசினான். என் காதில் விழ வேண்டும் என்றுதான் பேசினான்.

"அக்கா, அது ரிவர்ஸ் மரை. மாமாகிட்டச் சொல்லு. இந்தப் பக்கமா அடிக்க அடிக்க இறுகத்தான் செய்யும். மாத்தி அடிச்சா ரெண்டு தட்டுல வந்துரும்."

நான் அவனிடம் பேசுவதில்லை. "தோழர் அர்த்தனாரி, வெளியில் நிற்பவருக்கு இங்கே பேச உரிமை இல்லை என்பதைத் தெரிவியுங்கள்" என்றேன்.

தோழர் பட்டையைப் பிடித்தபடியே திரும்பி, "மாதையா, உனக்குப் பேச உரிமை இல்லையாம்" என்றார்.

"சரிங்ண்ணா. அது அந்த மரைக்குத் தெரியோணுமே" என்றான் அவன்.

அங்கம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்திருக்க வேண்டாம். "ஏனுங்க, தெனமும் நாலு வண்டி கழட்டறவன் சொல்றான், ஒருக்கா கேட்டாத்தான் என்ன?" என்றாள்.

"இது சங்கத்தின் வண்டி. எந்தப் பக்கம் அடிப்பது என்பதைச் சங்கம் முடிவு செய்யும்."

"சங்கமா? டீசல் ஊத்தறது ஆரு? டயர் மாத்துனது ஆரு? மோந்து பாருங்க, சங்கம் வாசம் வருதா, கெளுத்தி வாசம் வருதான்னு."

கோபத்தில் பேசுகிறவர்களோடு விவாதிக்கக்கூடாது. நான் முறைப்படி தீர்மானத்தை முன்மொழிந்தேன். நீங்கள் சிரிக்காதீர்கள், ஏட்டையா. நாங்கள் எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடுகிறவர்கள். என் மகளுக்குப் பெயர் வைத்ததுகூடச் செயற்குழுவில்தான், ஒன்பதுக்கு நான்கு. 'செய்முறைத் தாளில் அச்சிட்டுள்ளபடி எதிர்ப்பக்கமாகவே தொடர்ந்து அடிப்பது.' ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். நான் தூக்கினேன். தோழர் அர்த்தனாரி கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முழங்கை மடங்கிய அளவுக்குக் கையைத் தூக்கினார். எண்ணிக்கைக்கு அது போதும். எதிர்ப்பு யாரும் இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பிறகு நாலு பவுண்டு சுத்தியலை எடுத்தேன்.

அடிப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் லத்தி பிடித்தவர். முதலில் கைதான் அடிக்கிறது. கொஞ்ச நேரம் போனால் தோள் அடிக்கிறது. அதற்குப் பிறகு யார் அடிக்கிறார்கள் என்றே தெரியாது. ஓர் அடி ஆலை மேனேஜருக்கு. ஓர் அடி என் முட்டியை உடைத்த டி.எஸ்.பி.க்கு. ஓர் அடி மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களுக்கு, பெயர் சொல்லிச் சொல்லி. எனக்கு நானூற்று எட்டுப் பெயரும் ஞாபகம் இருக்கிறது. விசிறியின் இறக்கை ஒன்று உடைந்து தெறித்து என் நெற்றியைக் கிழித்தது. இதோ, காயம். ரத்தத்தைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. பட்டை துள்ளித் துள்ளி தோழர் அர்த்தனாரியின் உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. "தோழர், போதுமுங்க, கை எரியுது" என்றார். பிடியுங்கள் என்றேன். "தோழர், நான் பாதிக் கைதான் தூக்குனேன்" என்றார். பிடியுங்கள் என்று கத்தினேன்.

கேட்டுத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக மாதையன் என் வாசலை மிதித்தான்.

"மாமா, உடுங்க, ஷாஃப்ட் ஒடஞ்சிரும், பம்பே போயிரும், அக்கா பொழப்புங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து, குனிந்து, ஸ்பேனரின் மேல் கையை வைத்தான். என் தீர்மானத்தின் மேல் கையை வைத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். சுத்தியல் அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனரைத்தான் அடித்தேன். அவன் விரல்கள் நடுவில் இருந்தன. ஆட்காட்டி விரலும் நடுவிரலும்.

இதுதான் நடந்தது. ஒரே அடி.

அவன் கத்தினான். அங்கம்மாள் ஓடி வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் கையைச் சுற்றினாள். துண்டு நனைந்து சொட்டியது. தோழர் அர்த்தனாரி பட்டையை அப்படியே போட்டுவிட்டு மொபெட்டை உதைத்தார். பின்னால் உட்கார்ந்து, முகம் சாம்பலாக, வாய் கோணி, அந்த நிலையிலும் அவன் தன் அக்காளிடம் என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, கழட்டினா நிமித்தி வை. படுக்க வெச்சா உள்ள இருக்கற எண்ணெய் எறங்கிரும்." தோற்றவனாகப் போகும்போதுகூட அவனுக்கு இந்தத் திமிர்.

மொபெட் போன பிறகு அங்கம்மாள் திரும்பி வந்தாள். கீழே கிடந்த சுத்தியலை எடுத்தாள். ஸ்பேனரைக் கழற்றி, மாற்றுத் திசைக்கு மாட்டினாள். பட்டையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"பிடி" என்றாள்.

கல்யாணமாகி நாற்பது வருடம். 'ஏனுங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சண்டையிலும் 'நீங்க'தான். பிடி என்றாள், நான் பிடித்தேன்.

பட்டையைப் பிடிப்பவன் தலையை இன்ஜினுக்குள் விட வேண்டும். சுத்தியல் என் காதுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. ஐம்பத்தொன்பது வயதுப் பெண், ஏட்டையா. தினமும் ஐஸோடு மீன் பெட்டி தூக்கிய தோள். அந்த இறுகிப்போன நட்டின் மேல் அவள் அடித்தாள். ஓங்கும்போது அவள் நட்டைப் பார்க்கவில்லை. என் நெற்றியைத்தான் பார்த்தாள். நான் லத்திக்கு முன் படுத்தவன், துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்த காவலரிடம் சுடு என்று சொன்னவன். அப்போதெல்லாம் கண்ணை மூடியதில்லை. அன்றைக்கு மூடினேன்.

அடிக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னாள்.

"உன்ற கேஸு." அடி. "உன்ற பொய் வழக்கு." அடி. "ஆரு உன்னைய வெளிய உட்டாங்க, தெரியுமா?" அடி. "போலீசு ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டுச்சு. தாடையில கம்பி. வாயத் தொறக்க முடியாது. சிலேட்டுல எழுதிக் காட்டுனான்." அடி. "கூட்டத்துல ஆளு தெரியலைன்னு." அடி. "பஸ்ஸுல இருந்த இருபது பேருகிட்டயும் சொல்லி உட்டான். என்ற அக்கா வீடு போயிரும், ஆரும் காட்டாதீங்கன்னு." அடி. "மாமாகிட்டச் சொல்லாதக்கா, அவரு தாங்க மாட்டாருன்னான். சத்தியம் வாங்கினான். இருபத்திரெண்டு வருசம், நீ அந்த நோட்டீஸைப் படிக்கறப்பெல்லாம், நான் உனக்குச் சோறு போட்டேன்."

எட்டாவது அடியில் நட்டு விட்டது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையால் சுற்றிக் கழற்றினாள். விசிறியையும் கிளட்சையும் சேர்த்து வெளியே தூக்கினாள். சுவரோரம் கொண்டுபோய், தம்பி சொன்ன மாதிரியே, செங்கல் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி வைத்தாள். அதோ நிற்கிறது பாருங்கள். கையைக் கழுவினாள். ரத்தம் தோய்ந்த சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் கையெழுத்துப் போடமாட்டேன் என்று? ஒரு தடவை ஏமாந்தேன். எனக்கே தெரியாமல் ஒரு கருங்காலி போட்ட பிச்சையில் இருபத்திரண்டு வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன். எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். வாசித்திருக்கிறேன், ஏட்டையா, ஒலிபெருக்கி வைத்து, அவன் கடை இருக்கும் தெருவிலேயே வண்டியை நிறுத்தி வாசித்திருக்கிறேன். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருப்பான். நேற்று தோழர் அர்த்தனாரி வந்தார். அங்கம்மாள் சொல்லி அனுப்பினாளாம்: ஏட்டு வருவார், கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், வாயைத் திறக்க வேண்டாம், அது போதும். அது போதுமா? மறுபடியும் அவன் தயவில் நான் வெளியே இருக்க வேண்டுமா? மாட்டேன். என் மேல் வழக்குப் போடுங்கள். சட்டப் பிரிவைச் சரியாகப் போடுங்கள்.

என்ன கேட்டீர்கள்?

மணிக்கட்டு. ஆமாம், டாக்டர் எழுதியிருப்பார். விரல் நசுங்கியது ஓர் இடம், மணிக்கட்டு எலும்பு முறிந்தது இன்னோர் இடம். ஒரே அடியில் இரண்டும் எப்படி என்று கேட்கிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரர். இந்தத் தாளை எழுதும்போதே இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வழுக்கியது என்று எழுதினீர்கள்.

கொஞ்சம் இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

முதல் அடி ஸ்பேனருக்கு. அது சத்தியம். கை நடுவில் வந்தது, நசுங்கியது. அவன் கையை எடுக்க முடியவில்லை, ஸ்பேனருக்கும் புல்லிக்கும் இடையில் விரல் மாட்டியிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அம்மா என்று கத்தவில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். கெட்ட வார்த்தை ஒன்று, என் தாயைப் பற்றி ஒன்று சொல்லியிருந்தால்கூடச் சுத்தியலைக் கீழே போட்டிருப்பேன்.

"மாமா" என்றான்.

காலர் பிடித்து இழுத்த அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. எப்படித் தோன்றியது என்று தெரியாது. சுத்தியல் மேலே போயிற்று. இதற்கு யாரும் கை தூக்கவில்லை, ஏட்டையா. தோழர் அர்த்தனாரி "வேண்டாம்" என்றார், கேட்டேன். ஸ்பேனர் எங்கே இருக்கிறது, நட்டு எங்கே இருக்கிறது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பார்த்து அடித்தேன்.

எழுதவில்லையே நீங்கள். பேனா மூடியையே திறக்கவில்லை.

குடும்ப விஷயம் என்கிறீர்கள். வயசான காலத்தில் எதற்கு என்கிறீர்கள். அவருக்கே புகார் இல்லாதபோது உங்களுக்கு என்ன என்கிறீர்கள். அவனுக்குப் புகார் இருந்ததே இல்லை, அதுதான் புகார். நீங்கள் கிளம்புகிறீர்களா? சரி, கிளம்புங்கள். ஒரு நிமிடம், சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறேன். நானும் வருகிறேன். உங்கள் இன்ஸ்பெக்டர் கேட்பார். அவர் கேட்காவிட்டால் மாஜிஸ்திரேட் கேட்பார். எனக்கு நேரம் இருக்கிறது.

பைக்கில் ஏறமாட்டேன். நடந்தே போகலாம், நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். குஞ்சாண்டியூர்க் கடைவீதி வழியாகப் போவோம். அவன் கடை பூட்டியிருக்கும், இருந்தாலும் அந்த வழியாகவே போவோம். என்னைக் கூட்டிக்கொண்டு போலீஸ் போனால் அந்தத் தெருவில் எல்லாரும் எழுந்து நின்று பார்ப்பார்கள், பழக்கம். தோழர் இந்தத் தடவை எதற்கு என்று கேட்பார்கள்.

நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் அது பேச்சாகிவிடும்.